வாழ்விலா, தாழ்விலா? தாழ்விலேயே!

நடுவர் அவர்களே, பங்குச்சாமி அவர்களே, சப்பரம் கிளம்புறதுக்குள்ள முடிக்கணும்னு சொல்லியிருக்கிற விழாக்குழுவே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு: இறைவனை மனதாரப் போற்றுவது வாழ்விலா, தாழ்விலா? எனக்குக் கிடைச்சது தாழ்வு. வீட்டுல சொன்னேன். 'பொருத்தமாத்தான் குடுத்திருக்காங்க'ன்னார் எங்க வீட்டுக்காரர்.

எங்க ஆச்சி கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆச்சிக்கு எதுக்கெடுத்தாலும் 'தோத்திரம் சாமி', அதாவது 'கடவுளே, உமக்குப் புகழ்ச்சி'. பால் பொங்கினாலும் தோத்திரம், பால் திரிஞ்சாலும் தோத்திரம். ஒருநாள் கம்மலோட திருகாணி தொலைஞ்சு போச்சு. தங்கத் திருகாணி. காணாமப் போனா யாரைக் கூப்பிடணும்? (கூட்டத்துல அங்க ஒரு அம்மா சரியாச் சொல்றாங்க.) அந்தோணியார்! 'திருகாணி கிடைச்சா புளியம்பட்டியில உம்ம கோயிலுக்கு வந்து இந்தச் சேவலைத் தாரேன்'னு நேர்ந்துட்டா. மறுநாள் காலையில பார்த்தா சேவலைக் காணோம்!

தாத்தா சொன்னாரு: 'ஏட்டி, அந்தோணியாரு அட்வான்ஸ் எடுத்துட்டாரு.'

நல்லாக் கவனிங்க. திருகாணி தொலைஞ்சதுக்குச் சேவலை நேர்ந்தாச்சு. சேவலே தொலைஞ்சா எதை நேர்றது? அந்தோணியாருக்கு நேர்ந்த சேவலைக் கண்டுபிடிச்சுத் தரச் சொல்லி அந்தோணியார்கிட்டயே மனு போடணும். அன்னைக்குச் சாயங்காலம் ஒரு காதுல கம்மல் இல்லாம, கையில சேவலும் இல்லாம, வாசப்படியில உக்காந்து ஆச்சி சொன்னா: 'தோத்திரம் சாமி.'

மூணாம் நாள் சேவல் பக்கத்து வைக்கோல் படப்புல இருந்து தானா வந்துச்சு. திருகாணி மட்டும் வரல. 'வாக்கு வாக்குதான்'னு ஆச்சி புளியம்பட்டிக்குக் கொண்டுபோனா. அங்க சேவலை அறுத்து இரைப்பையைக் கீறினா, உள்ள கல்லு, மண்ணு, நடுவுல மினுமினுன்னு திருகாணி! நேர்ந்த பொருளுக்குள்ளயே தொலைஞ்ச பொருள்! மூணு நாளா அந்தோணியார் வைக்கோல் படப்புல அதை லாக்கர்ல வச்சுப் பார்த்திருக்காரு!

எதிரணி இப்ப குறிப்பெடுக்குது. 'கிடைச்ச பிறகு போற்றினா அது வாழ்வுதானே'ன்னு கேப்பாங்க. எழுதாதீங்க ஐயா, பேனா மை வீணாகும். நான் சொல்றது வாசப்படியில சொன்ன தோத்திரத்தை.

இயேசு குணமாக்கின பத்துத் தொழுநோயாளர் கதை உங்களுக்குத் தெரியும். நோய் இருந்தப்ப பத்துப் பேரும் கூப்பிட்டாங்க. குணமானதும் திரும்பி வந்தது ஒரு ஆளு, அதுவும் சமாரியர். வாழ்வு வந்ததும் ஒன்பது பேர் எஸ்கேப்!

சரி, எதிரணிப் பேராசிரியர் ஐயா ஒரு குண்டு போட்டாரு. 'ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல அல்லேலூயா பாடாம பூட்டி வைக்கிறீங்க. செத்தவங்களுக்கு வைக்கிற அடக்கப் பூசையில 'உன்னதங்களிலே'ங்கிற புகழ்ப் பாட்டைப் பாடுறதில்ல. திருச்சபையே தாழ்வில் புகழ்ச்சி வேண்டாம்னு சொல்லியாச்சு'ன்னு கேட்டாரு. கைத்தட்டு பலமா வாங்கினாரு. நானும் தட்டினேன்.

ஆனா ஐயா, உன்னதங்களிலே வரைக்கும் இருந்துட்டு, பிரசங்கத்துக்கு வெளிய டீ குடிக்கப் போனவரு திரும்பி வரல போலிருக்கு! வந்திருந்தா கேட்டிருப்பீங்க. அடக்கப் பூசை, நடுவுல சவப்பெட்டி இருக்கு. பக்கத்துல பாஸ்கா திரி, அந்த ஈஸ்டர் மெழுகுதிரி எரியுது. பெத்தவ முதல் பெஞ்சில சாஞ்சு கிடக்கா. பூசை வைக்கிற சாமியார் கையை விரிச்சு என்ன சொல்றாரு? 'நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்.' பெட்டியை வச்சுக்கிட்டு! நாம என்ன சொல்றோம்? 'அது தகுதியும் நீதியும் ஆனதே.' கல்யாணப் பூசையிலயும் இதே வரிதான், அடக்கப் பூசையிலயும் இதே வரிதான். பாட்டைத்தான் நிறுத்துறோம் ஐயா, நன்றியை நிறுத்தல. அதுக்கடுத்து என்ன வருது? காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த ராத்திரியில இயேசு அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார்னு வருது. யூதாஸ் விலை பேசி முடிச்சாச்சு. இவரு நன்றி சொல்றாரு!

'தாழ்வுல போற்றுறதெல்லாம் புனிதர்களுக்குத்தான்'னு எதிரணியில அந்தத் தம்பி சொன்னாரு. தம்பி, நட்டாலம் நீலகண்டர் அப்ப புனிதர் இல்ல, திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. மாடு சாகுது, சொத்து கரையுது, மனசு உடைஞ்சு நிக்காரு. டச்சுத் தளபதி டிலனாய் அவருக்குச் சொன்னது, எல்லாத்தையும் இழந்தும் கடவுளைப் போற்றின பைபிள் யோபு கதை. 'ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக் கொண்டார். ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக!' 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், பேரு தேவசகாயம். 1752-ல காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2022-ல புனிதர் பட்டம். ஆரம்பிச்சது செத்த மாட்டுல இருந்து.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் ஐயா. ரெண்டே நிமிஷம்.

அதே ஆச்சிதான். எங்க சின்னச் சித்தப்பா பைக்குல போனவரு வீட்டுக்கு வரல. முப்பத்தொண்ணு வயசு. அடக்கப் பூசையில நான் ஆச்சி பக்கத்துல நின்னேன். சாமி 'நன்றி கூறுவோம்'னாரு. கோயிலே பதில் சொல்லுது. ஆச்சி வாயை இறுக்கி மூடிக்கிட்டா. எதுக்கெடுத்தாலும் தோத்திரம் சொன்ன வாயி. நானும் சொல்லல, பயந்துட்டேன். வீட்டுக்கு வந்து கம்மல் ரெண்டையும் கழட்டிச் சுருக்குப் பையில போட்டவதான், அப்புறம் போடவே இல்ல. பால் திரிஞ்சா சும்மா கொட்டினா.

முப்பதாம் நாள் பூசை. அதே சாமி, அதே வரி. ஆச்சி 'அது'ன்னா. அவ்வளவுதான், தொண்டை அடைச்சிருச்சு. 'தகுதியும் நீதியும்' நான் சொன்னேன், அவ கையைப் பிடிச்சுக்கிட்டு. கடைசியில 'ஆனதே' மட்டும் என் குரலோட சேர்ந்து வந்துச்சு. காத்து மாதிரி வந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் கோழிக்குத் தீனி போட்டா.

நன்றி, வணக்கம்.