தத்துவம் படிக்க கம்யூனிட்டி காலேஜ் போகலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "என் பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். தத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். அதுவும் முதல் இரண்டு வருடம் இங்கே கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் பெர்க்லிக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள். கம்ப்யூட்டர் என்றாலாவது பரவாயில்லை, தத்துவத்துக்கு அந்தக் காலேஜில் என்ன இருக்கப்போகிறது? நேராகப் பல்கலைக்கழகத்துக்கே போகச் சொல்லட்டுமா?"

அம்மா, உங்கள் பெண் யோசித்துத்தான் பேசுகிறாள். கம்யூனிட்டி காலேஜ், அதாவது பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி, என்றாலே வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு. கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை. 1960இல் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே, இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு பெர்க்லி போன்ற யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்களுக்கு மாறுவதை ஒரு முறையான வழியாக வைத்துவிட்டார்கள். இன்றைக்கு 116 கல்லூரிகள் இருக்கின்றன. மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு செமஸ்டர் யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர், அப்புறம் புத்தகம், சில்லறைக் கட்டணங்கள். யூசியில் கல்விக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 14,000 டாலரைத் தாண்டும். காசுக் கணக்கு அவ்வளவுதான், அதை விட்டுவிடுவோம். நீங்கள் கேட்டது படிப்பைப் பற்றி.

தத்துவத்துக்கு லேப் வேண்டாம், கருவி வேண்டாம். முதல் இரண்டு வருடத்தில் வேண்டியதெல்லாம் நல்ல ஆசிரியர், படிக்கப் பத்துப் பக்கம், எழுதினதைத் திருத்திக் கொடுக்க ஒரு ஆள். பெரிய பல்கலைக்கழகத்தில் அறிமுக வகுப்பு பெரும்பாலும் பெரிய ஹாலில் நடக்கும். பேராசிரியர் மேடையில் பேசுவார், உங்கள் பெண்ணின் கட்டுரையைத் திருத்துவது ஒரு பிஎச்டி மாணவராக இருக்கும். கம்யூனிட்டி காலேஜில் முப்பது நாற்பது பேர் வகுப்பு, பாடம் எடுக்கிறவரே பேப்பரையும் திருத்துவார். அந்த வேலைக்குப் பொதுவாகத் தத்துவத்தில் எம்ஏ கேட்பார்கள், பிஎச்டி முடித்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

லாஜிக் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் மூன்று வரி இருக்கும். எல்லா மந்திரிகளும் படித்தவர்கள். என் மாமா படித்தவர். ஆகவே என் மாமா மந்திரி. சிரிக்காதீர்கள், உதாரணம்தான். இது தப்பு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், எங்கே தப்பு என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். மாமா உண்மையிலேயே மந்திரியாக இருந்தாலும் இந்த வாதம் தப்புத்தான் என்பது புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் சில வாரத்தில் வார்த்தைகள் போய்க் குறியீடுகள் வந்துவிடும். ஒவ்வொரு வரியாக நிரூபணம் எழுதி, எந்த விதியால் அந்த வரி வந்தது என்று வலது ஓரத்தில் குறிக்க வேண்டும். கணக்கு வேண்டாம் என்று தத்துவத்துக்கு ஓடிவந்த பிள்ளைகளுக்கு நாக்கு தள்ளிவிடும். இதை முப்பது பேர் வகுப்பில், கை தூக்கிக் கேட்கிற தூரத்தில் ஆசிரியர் இருக்கும்போது படிப்பது நல்லது என்பது என் கட்சி.

சரி, சிக்கல் எங்கே? படிப்பின் தரத்தில் இல்லை, வேண்டிய பாடம் வேண்டிய நேரத்தில் நடக்குமா என்பதில்தான் இருக்கிறது. பெர்க்லியில் தத்துவத்தை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுப்பவர்கள் முதல் இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டியவை மூன்று: லாஜிக், அதன் எண் 12ஏ, பண்டைத் தத்துவம் 25ஏ, டெக்கார்ட்டிலிருந்து கான்ட் வரை வரும் நவீனத் தத்துவம் 25பி. இவற்றுக்குச் சமமான பாடங்களைத்தான் உங்கள் பெண் கம்யூனிட்டி காலேஜில் தேட வேண்டும். கல்லூரியின் கேட்டலாக்கைப் பார்த்தால் எல்லாமே இருக்கும், நீதிநெறி, அரசியல் தத்துவம், மதத் தத்துவம் என்று கூடவே நாலைந்து சேர்த்து. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்டலாக் என்பது என்னென்ன நடத்த அனுமதி இருக்கிறது என்கிற பட்டியல். இந்த செமஸ்டர் என்ன நடக்கிறது என்பது ஷெட்யூலில்தான் தெரியும். அறிமுகப் பாடம் எட்டு வகுப்பு ஓடும், நவீனத் தத்துவம் வருடத்துக்கு ஒரு தடவை வரும், பத்துப் பேர் கூடச் சேரவில்லை என்றால் அதையும் ரத்து செய்துவிடுவார்கள். அதனால் கடந்த இரண்டு வருட ஷெட்யூலைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். அந்த மூன்று பாடமும் ஒழுங்காக நடந்திருக்கிறதா? நடக்கவில்லை என்றால் பக்கத்தில் இன்னொரு கல்லூரி இருக்கிறது. அந்த ஒரு பாடத்தை மட்டும் அங்கே எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

எந்தப் பாடம் எதற்குச் சமம் என்பதை அசிஸ்ட் என்கிற இணையதளத்தில் பார்க்கலாம். கம்யூனிட்டி காலேஜையும் பல்கலைக்கழகத்தையும் மேஜரையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்தி வரும். இடப்பக்கம் பெர்க்லி பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரிப் பாடம். வலப்பக்கத்தில் 'நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்' என்று வந்தால், அதற்கு ஈடான பாடம் அந்தக் கல்லூரியில் இல்லை என்று அர்த்தம். லாஜிக்கில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். கிரிட்டிக்கல் திங்கிங் என்று ஒரு வகுப்பு இருக்கும், சிம்பாலிக் லாஜிக் என்று இன்னொன்று இருக்கும். முதலாவது நல்ல பாடம்தான், ஆனால் 12ஏ இடத்தில் அது நிற்காது.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு வருடம் என்று சொல்கிறோமே தவிர, யூசி விண்ணப்பம் போவது இரண்டாம் வருடம் நவம்பர் கடைசிக்குள். ஆகஸ்டில் சேர்ந்தால் கையில் இருப்பது பதினைந்து மாதம். அப்போது முடிந்த பாடங்களின் மதிப்பெண்ணைத்தான் அவர்கள் பார்ப்பார்கள், நடந்துகொண்டிருப்பவற்றின் மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்க்கச் சொல்வார்கள். பள்ளிக்கூட மார்க், எஸ்ஏடி நுழைவுத் தேர்வு எதுவும் கணக்கில் வராது. ஆகவே முதல் வருடம் சும்மா ருசி பார்க்கிறேன் என்று இருந்துவிடக் கூடாது. விண்ணப்பத்தில் 'உன் மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறாய்' என்று ஒரு கட்டாயக் கேள்வி இருக்கிறது, 350 வார்த்தைக்குள் பதில். சிறு வயதிலிருந்தே கேள்வி கேட்பேன் என்று எழுதுவதால் பயனில்லை. எந்த வாதத்தைப் படித்தாள், அதில் எந்த இடம் உதைத்தது, அதைப் பற்றி என்ன எழுதினாள், இதைச் சொல்லட்டும்.

பெர்க்லி மட்டும்தான் என்று நிற்க வேண்டாம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி பல்கலைக்கழகங்களும், நிபந்தனைகளை முடித்தவர்களுக்கு இடம் உறுதி என்று ஒப்பந்தம் போடுகின்றன. டேக் என்பார்கள். ஒரே ஒரு இடத்துக்குத்தான் போட முடியும், செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றிலும் இது கிடையாது. கையில் ஒரு டேக் வைத்துக்கொண்டு பெர்க்லிக்கும் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

உங்கள் குடும்பம் எச்1பி வேலை விசாவில் இருந்து, அவள் அதைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கிறாளா என்று எழுதவில்லை. இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். 21 வயது ஆனதும் எச்4 முடிந்துவிடும், பலர் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறுவார்கள். கல்லூரி மாறுகிற சமயத்தையொட்டி இது வந்து நிற்கும், கட்டணமே மாறிப்போகக்கூடும். யார் மாநிலவாசி என்று முடிவு செய்கிற, கல்லூரியின் ரெசிடென்சி அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் மனதில் இருக்கும். தத்துவம் படித்தவர்கள் நிறையப் பேர் சட்டம் படிக்கப் போகிறார்கள். சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் நுழைவுத் தேர்விலிருந்து 2024 ஆகஸ்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள், வாதங்களை அலசுகிற பகுதிக்குக் கனம் கூடிவிட்டது. தத்துவ வகுப்பில் தினமும் செய்வது அதைத்தான்.

ஆனால் பிஎச்டி வரை போவேன் என்றால் இந்த வழியில் நெருக்கடி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பிஎச்டிக்கு வழக்கமாக மூன்று சிபாரிசுக் கடிதமும் ஒரு நீளமான கட்டுரையும் கேட்பார்கள். விண்ணப்பம் கடைசி வருடம் டிசம்பர் வாக்கில் போக வேண்டும். அப்போது அவள் பெர்க்லியில் காலடி வைத்து ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருக்கும். கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியரின் கடிதம் கூடுதலாக உதவலாம், ஆனால் அவர்களில் பலர் பகுதி நேரம், காலையில் ஒரு கல்லூரி, மாலையில் நாற்பது மைல் தள்ளி இன்னொன்று என்று காரிலேயே வாழ்கிறவர்கள். ஆகவே மாறின முதல் செமஸ்டரிலேயே சின்ன செமினார் ஒன்றில் சேர்ந்து, அந்தப் பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்துக்கு (ஆஃபீஸ் அவர்ஸ்) தவறாமல் போகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பட்டம் வாங்கிய அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.