கங்காரு வந்து சேர்ந்த கிளப்: போஹேமியன்ஸ் 1905

[திரையில்: பச்சை வெள்ளை ஜெர்சி. நெஞ்சில் இருக்கும் சின்னம் மெல்லப் பெரிதாகிறது. அதில் ஒரு கங்காரு.]

செக் குடியரசில் கங்காரு கிடையாது. ஆனால் தலைநகர் பிராகில் ஒரு கால்பந்து கிளப்பின் சின்னம் கங்காரு. ரசிகர்கள் தங்கள் ஆட்டக்காரர்களைக் 'கங்காருகள்' என்றே கூப்பிடுகிறார்கள். இந்த கிளப் ஒரே ஒரு முறைதான் லீக் பட்டம் வாங்கியிருக்கிறது. அப்படியானால் ஏன் இதைப் பற்றி வீடியோ? இதன் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதைக்காகத்தான்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒரு கப்பல்.]

1905ல் பிராகின் வர்ஷோவிட்ஸே பகுதியில் தொடங்கியபோது கிளப்பின் பெயர் ஏஎஃப்கே வர்ஷோவிட்ஸே. 1927ல் ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியா போவதென்றால் வாரக்கணக்கில் கப்பலில் கிடக்க வேண்டும். போனார்கள். அங்கே ஒரு சிக்கல்: 'வர்ஷோவிட்ஸே' யார் வாயிலும் நுழையவில்லை. செக் மொழியில் அந்தப் பெயர் தொடங்கும் இடத்தில் மூன்று மெய்யெழுத்துகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நமக்கே 'வ'வுக்குப் பின்னால் ஓர் உயிரைச் சேர்த்தால்தான் சொல்ல வருகிறது. அதனால் பொஹிமியாவிலிருந்து (செக் நாட்டின் மேற்குப் பகுதி) வந்தவர்கள் என்ற பொருளில் 'போஹேமியன்ஸ்' என்று ஆடினார்கள்.

திரும்பும்போது பரிசாக இரண்டு உயிருள்ள கங்காருகள் கிடைத்தன. அவற்றைப் பிராக் விலங்குக்காட்சிச் சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது கிளப் வட்டாரத்தில் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. பெயரையும் சின்னத்தையும் மட்டும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 'போஹேமியன்ஸ்' செக் சொல்லே அல்ல, ஆங்கிலப் பன்மை. ரசிகர்கள் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'போஹெம்கா' ஆக்கிக்கொண்டார்கள்.

கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் பெயருக்கு ஆபத்து. விளையாட்டுக் கிளப்புகளைத் தொழிற்சாலைகளோடும் துறைகளோடும் இணைத்தார்கள். ஒரு கட்டத்தில் இந்த கிளப் 'ஸ்பார்டக் ஸ்டாலின்கிராட்' என்றுகூட ஆடியது. கங்காருவுக்கும் ஸ்டாலின்கிராடுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 1960களில் பழைய பெயர் திரும்பி வந்தது.

[திரையில்: பெல்கிரேட், 20 ஜூன் 1976.]

இனி இந்த கிளப்பின் மிகப் பெரிய மனிதர். அன்டோனின் பனென்கா, 1967லிருந்து 1981 வரை இங்கே நடுக்கள ஆட்டக்காரர். பயிற்சி முடிந்ததும் கோல்கீப்பர் ஸ்டெனெக் ஹ்ருஷ்காவோடு பெனால்ட்டி அடித்துப் பழகுவார். தோற்றவர் பீரோ சாக்லெட்டோ வாங்கித் தர வேண்டும். ஹ்ருஷ்கா நல்ல கோல்கீப்பர். பனென்காவின் பணம் கரைந்துகொண்டே இருந்தது. இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும் என்று தூக்கம் வராத இரவுகளில் யோசித்தார்.

கோல்கீப்பர் உதை விழுவதற்கு ஒரு கணம் முன்பே ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்துவிடுகிறார். நடுவில் யாரும் இல்லை. ஆனால் நடுவில் வேகமாக அடித்தால், பாய்கிறவரின் கால் பட்டுத் தடுக்கப்படலாம். மெதுவாகத் தூக்கிப் போட்டால்? பாய்ந்தவரால் திரும்பி வர முடியாது. பந்து அவர் விட்டுப்போன இடத்தில் நிதானமாக இறங்கும். உள்ளூர் ஆட்டங்களில் செய்து பார்த்தார், பலித்தது.

பிறகு ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். செக்கோஸ்லோவாக்கியா, எதிரே உலகச் சாம்பியன் மேற்கு ஜெர்மனி. 2-2 சமநிலை, பெனால்ட்டிக்குப் போகிறது. ஜெர்மனியின் ஊலி ஹோனெஸ் பந்தைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார். அடுத்து பனென்கா. போட்டால் கோப்பை. எதிரே ஸெப் மாயர், அக்காலத்தின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். வேகமாக ஓடி வந்து, மெல்லத் தட்டினார். மாயர் ஒரு பக்கம் விழுந்து கிடக்க, பந்து நடுவில் மிதந்து போனது.

அதுபோன்ற பெனால்ட்டிக்கு இன்றுவரை உலகம் முழுக்கப் பெயர் 'பனென்கா'. சாக்லெட் பந்தயத்தில் பிறந்த உதை!

[திரையில்: 1983. வண்ணப் படங்கள்.]

சரி, அந்த ஒரே லீக் பட்டம்? 1982-83. பயிற்சியாளர் டொமாஷ் போஸ்பிகால். அதே சீசனில் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையில் பிரான்சின் செய்ன்ட் எட்டியனை 4-0 என்று வீட்டுக்கு அனுப்பி, காலிறுதியில் ஸ்காட்லாந்தின் டண்டீ யுனைட்டெடையும் தாண்டி அரையிறுதிவரை போனார்கள். அங்கே பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் நிறுத்தியது. அந்த ஆண்டு கோப்பையும் ஆண்டர்லெக்டுக்குத்தான். பாவம் பனென்கா, அதற்குள் ஆஸ்திரியாவின் ராபிட் வியன்னா கிளப்புக்குப் போய்விட்டார். கிளப்பின் ஒரே பட்டத்தில் அவர் இல்லை.

[திரையில்: காலி மைதானம்.]

2005. நூற்றாண்டு ஆண்டில் கிளப் திவாலானது. இரண்டாம் டிவிஷனிலிருந்து நீக்கப்பட்டது. அங்கேதான் முடிந்திருக்க வேண்டும். ரசிகர்கள் காசு திரட்டினார்கள், கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், மூன்றாம் டிவிஷனில் மறுபடி தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 2007ல், முதல் டிவிஷன்.

ஆனால் பெயர் தகராறு மறுபடி வந்தது. 'போஹேமியன்ஸ்' பெயருக்கு உரிமை கொண்டாடிய பழைய விளையாட்டுச் சங்கம், அதை பிராகின் ஸ்ட்ரீஷ்கோவ் பகுதியைச் சேர்ந்த வேறொரு கிளப்புக்குக் கொடுத்திருந்தது. 2009-10 சீசனில் முதல் டிவிஷனில் இரண்டு போஹேமியன்ஸ்! இருவரும் மோத வேண்டிய ஆட்டத்துக்கு ஸ்ட்ரீஷ்கோவ் அணி வரவே இல்லை. தண்டனை கிடைத்தது, சீசன் முடிவில் அந்த அணி கீழே இறங்கியது. பெயரில் '1905' ஒட்டிக்கொண்டு நிற்பதன் காரணம் இந்தக் குழப்பம்தான்.

அப்புறம் மைதானம். 'டியோலீச்செக்' என்றால் சின்னப் பள்ளம். குடியிருப்புகளுக்கு நடுவே, ஏழாயிரம் பேர்கூட அடங்காத இடம். அதையும் இழக்கும் நிலை வந்தது. சில காலம் பரம எதிரி ஸ்லாவியாவின் ஈடன் மைதானத்தில், அதாவது நடந்து போகிற தூரத்தில், வாடகைக்கு ஆடினார்கள். 2016ல் பிராக் நகராட்சி டியோலீச்செக்கை வாங்கிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

[திரையில்: புள்ளிப்பட்டியல்.]

இப்போது லீக் நிலவரம். இடையில் ஒரு முறை கீழே இறங்கினாலும், 2013ல் மறுபடி மேலே வந்ததிலிருந்து முதல் டிவிஷனிலேயே நிற்கிறார்கள். செக் லீக்கில் 16 அணிகள். 30 சுற்று முடிந்ததும் பட்டியல் மூன்றாக உடையும்: முதல் ஆறு பட்டத்துக்கு, 7 முதல் 10 வரை ஐரோப்பிய வாய்ப்புக்கான சிறு ஓட்டத்துக்கு, கடைசி ஆறு உயிர் பிழைக்க. கடைசி அணி நேராகக் கீழே; அதற்கு மேலே இருக்கும் இரண்டு அணிகள் இரண்டாம் டிவிஷன் அணிகளோடு மோத வேண்டும். போஹேமியன்ஸ் போன்ற கிளப்புக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வியில் மொத்த வசந்த காலமும் மாறிவிடும்.

2021-22ல் அதைக் கண்ணால் பார்த்தோம். தகுதிச் சுற்றில் இரண்டாம் டிவிஷன் அணியான ஓபாவாவைத் தோற்கடித்துத்தான் இடத்தைக் காப்பாற்றினார்கள். அந்த 2022ல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றவர் யரோஸ்லாவ் வெசெலி. அடுத்த சீசனில் நான்காம் இடம்! ஸ்பார்டா, ஸ்லாவியா, பில்சன் மூன்றும் பணத்தில் வேறு உலகம். அவற்றுக்கு அடுத்து வருவதுதான் மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட பட்டம். 2023 கோடையில், ஐரோப்பிய கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் நார்வேயின் போடோ கிளிம்ட்டிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார்கள். நான்காம் இடத்தில் தங்கவும் முடியவில்லை. நன்றாக ஆடியவர்களைப் பெரிய கிளப்புகள் தூக்கிக்கொண்டு போகும், இவர்கள் மறுபடி தேட வேண்டும்.

அதனால் இவர்களைத் தொடர்ந்து பார்க்க விரும்பினால், முதல் இடத்தைப் பார்க்காதீர்கள். 30ஆம் சுற்று முடியும் நாளில் பட்டியலின் நடுவே, பத்தாம் இடத்துக்கும் பதினொன்றாம் இடத்துக்கும் இடையில் விழும் கோட்டைப் பாருங்கள். கங்காரு அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் டியோலீச்செக்கில் எல்லோருக்கும் கேள்வி.

[திரையில்: டியோலீச்செக், மாலை வெளிச்சம். பச்சைத் துண்டுகள்.]