எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வாசகர் வட்டம் என்று பத்துப் பேர் கூடினால் முதல் அரை மணி நேரம் எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். ஒருவர் எழுந்து கதையை முதல் அத்தியாயத்திலிருந்து சொல்லத் தொடங்குவார். அடுத்தவர், "அருமையான நாவல், எல்லாரும் படிக்கணும்" என்பார். மூன்றாமவர் எழுத்தாளர் பிறந்த ஊர், வாங்கிய விருது என்று அடுக்குவார். அதற்குள் தேநீர் வந்துவிடும், வடையும் தீர்ந்துவிடும். புத்தகத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து ஒரே கேள்விதான்: எந்தப் பக்கத்தில்? "பின்பாதி இழுவை" என்கிறீர்களா, எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிறது? அந்த இடத்தைத் திறந்து நாலு வரி வாசித்துக் காட்டுங்கள். கேட்பவர் ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். எதைச் செய்தாலும் பேச்சு அந்த நாலு வரியைப் பற்றியே இருக்கும்.

குறையை எந்தப் பெயரால் சொல்வது என்று தடுமாற வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்து வைத்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்த பகுதி அது. உண்மையில் வாசகர் வட்டத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிகிற நாவலுக்குச் 'சென்று தேய்ந்து இறுதல்'. சொல்ல வந்ததை விட்டு வேறொன்றில் இறங்கிவிடும் கட்டுரைக்கு 'மற்றொன்று விரித்தல்'. ஆனால் குற்றம் சாட்டுமுன் நூல் எந்த வடிவில் வந்தது என்று பாருங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரத் தொடராக வந்தது. முன்கதையை அது அங்கங்கே நினைவூட்டுவது வாரக்கணக்கில் காத்திருந்தவருக்காக. ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு அது 'கூறியது கூறல்' என்று தோன்றும். படிக்கிற முறை மாறியதால் வந்த குறை அது. (அந்த நாவலை எடுத்தால் பேச்சு பத்தாவது நிமிடமே சினிமாவுக்குப் போய்விடும். படத்தைப் பற்றித் தேநீருக்குப் பிறகு பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

எல்லா நூலிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது அடுத்த தவறு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட அதே ரயில் பாதை பற்றிய ஒரு வரலாற்று நூலையும் ஒரே மாதம் எடுத்துப் பாருங்கள். 415 கிலோமீட்டர் பாதை, இரு முனையும் இணைந்தது 1943 அக்டோபரில், வேலைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனவர்களில் பெருந்தொகை தமிழர்கள். இவை வரலாற்று நூலின் சரக்கு. அதனிடம் கேட்க வேண்டியது, இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது. போர்க் கைதிகளுக்குப் படைப்பிரிவுப் பதிவேடு இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து போனவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல் கிடையாது. அதனால்தான் இறந்தவர் தொகை நூலுக்கு நூல் மாறுகிறது. நாவலிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பயனில்லை. இந்த ஆள் இந்த நிலையில் இப்படிப் பேசுவானா, இதைச் செய்வானா என்பதே அதற்கான கேள்வி. நடுவில் ஒரு பெரியவர், "எங்கப்பா சொன்னது இப்படி இல்லையே" என்பார். அதைத் தனியாக எழுதி வையுங்கள், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதோடு. அது மூன்றாவது சாட்சி. அதை வைத்து மற்ற இரண்டின் வாயையும் அடைத்துவிடக் கூடாது.

வீட்டுத் தோட்டம், சமையல் முதலிய நூல்களை 'இலக்கியம் இல்லை' என்று ஒதுக்குகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கருத்தைச் சோதித்துப் பார்க்க இவற்றைவிட நல்ல களம் கிடையாது. தமிழ்நாட்டில் எழுதிய தோட்டக்கலை நூல் ஆடிப்பட்டத்தில் விதைக்கச் சொல்லும். இங்கே மலேசிய மேற்குக் கரையில் மழை கூடுவது ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும். ஆடி பிறக்கும் ஜூலையில் மழை குறைவு. நூலை நம்பி விதைத்தவர் வாளியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். மண்ணும் அப்படியே. காரம் மிகுந்த களர் நிலத்துக்கு ஜிப்சம் போட அந்த நூல் சொல்லும்; நம் மண் பெரும்பாலும் அமில மண், அதற்கு வேண்டியது சுண்ணாம்பு. "புத்தகம் பொய்" என்று சொல்லிவிடாதீர்கள். "அந்த ஊருக்குச் சரி, இங்கே விதைக்கும் மாதத்தையும் மண் பக்குவத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும், இன்னின்ன பக்கங்களில்" என்றால் அது கருத்து. இதைச் சொல்ல விதைத்துப் பார்த்திருக்க வேண்டும். வெண்டை காய்க்கவே ஏறக்குறைய 50 நாள் பிடிக்கும், ஆகவே இப்படிப்பட்ட நூலுக்கு இரண்டு மாதம் தவணை கொடுங்கள்.

துப்பறியும் கதைக்குக் கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதியில் முடிவைத் தொடக் கூடாது. படித்து முடிக்காதவர்கள் எழுந்துபோன பிறகு, துப்பு முதலில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று எல்லாரும் பின்னோக்கிப் புரட்ட வேண்டும். கடைசி 20 பக்கத்தில் அறிமுகமாகிறவனே கொலைகாரன் என்றால் ஆசிரியர் வாசகரை ஏமாற்றியிருக்கிறார். கவிதைக்கு ஒரே ஒரு கவிதை போதும், இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள்.

கூட்டம் நடத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 12 பேருக்கு மேல் வேண்டாம், 90 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்களும் வருகிறார்கள். பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதித் தரட்டும்: பிடித்த இடம், உதைத்த இடம், பக்க எண்ணோடு. எழுதிக் கொடுத்த பிறகு மற்றவர் பேச்சைக் கேட்டு மாற்ற முடியாது. ஆளுக்கு 3 நிமிடம். பிடிக்கவில்லை என்று எழுதியவர் முதலில், தலைவர் கடைசியில். தலைமையாசிரியர் எழுந்து "மிகச் சிறந்த நூல்" என்று சொன்ன பிறகு, அவரிடம் படித்த பிள்ளை எந்த வாயால் இல்லை என்று சொல்லும்?

பிரதிகள் எப்போதும் குறைவாகவே கிடைக்கும். 12 பேருக்கு மூன்று பிரதி என்றால் ஆளுக்கு ஒரு வாரம், ஒரு மாதத்தில் சுற்றி வந்துவிடும். வேகமாகப் படிக்கிறவருக்கு முதலில் கொடுக்காதீர்கள், கூட்ட நாளுக்குள் அவர் பாதியை மறந்திருப்பார். மெதுவாகப் படிக்கிறவர் முதல் வாரம் எடுத்து, முடியாததைக் கடைசி வாரம் யாரிடமாவது கேட்டு வாங்கிப் படிக்கட்டும். புத்தகத்தில் பேனாவால் கோடு போடுவது மட்டும் கூடாது. பென்சிலும் வேண்டாம், முந்தியவர் கோடு போட்ட இடமே பிந்தியவர் கண்ணுக்கும் முக்கியமாகத் தெரியும். பக்க எண்ணைத் துண்டுத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.