படகு வாழ்க்கை இல்லறத்தை உறுதிப்படுத்துகிறது

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

சொந்தமாக ஒரு பாய்மரப் படகை வாங்கி, அதையே வீடாக்கிக்கொண்டு, கரையோரமாகத் துறை துறையாகப் பயணம் செய்து வாழும் கணவன் மனைவியின் உறவை அந்த வாழ்க்கை உறுதிப்படுத்துகிறதா, உலுக்கிவிடுகிறதா என்பது இன்றைய வழக்கு. உறுதிப்படுத்துகிறது என்று வாதாட வந்திருக்கிறேன். இடம் போதாது, நங்கூரம் போடும்போது ஊரே கேட்கச் சண்டை நடக்கிறது, ஆபத்து வந்தால் ஒருவரை ஒருவர் இழக்க நேரிடும் என்று எதிரணித் தலைவர் அடுக்கினார். பணச் செலவையும் கடைசியில் சேர்த்துக்கொண்டார். வீடு கட்டினாலும் செலவுதான்; அதற்காக இல்லறத்தை யாரும் குறை கூறுவதில்லை என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

சண்டையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது நடப்பது உண்மை. ஆனால் அது ஏன் நடக்கிறது என்று எதிரணித் தலைவர் பார்க்கவில்லை. பல படகுகளில் கணவர் பின்புறம் சுக்கானைப் பிடித்து நிற்கிறார். மனைவி அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், குனிந்து நங்கூரத்தோடும் இரும்புச் சங்கிலியோடும் போராடுகிறார். சுக்கான் பிடிக்கத் தோள் வலிமை தேவையில்லை, கவனமும் பழக்கமும் போதும். வலிமை தேவைப்படுவது நங்கூரத்தில்தான். இடையில் இயந்திரச் சத்தமும் எதிர்க்காற்றும் இருப்பதால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதில்லை, ஆகவே குரல் உயர்கிறது, உயர்ந்த குரல் கோபமாகக் கேட்கிறது. இருவரும் இடம் மாறி நின்று, பேச்சுக்குப் பதில் கைச்சைகையை வைத்துக்கொண்டால் அந்தச் சண்டைக்கே வேலையில்லை.

அப்படி மாறி நிற்கும் ஒரு தம்பதியரைக் கவனித்துப் பாருங்கள். நீரின் ஆழம் 5 மீட்டர், அணியம் நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர், இரவில் ஓதத்தால், அதாவது கடல் ஏற்றத்தால், நீர் இன்னும் 2 மீட்டர் உயரும், ஆக 8 மீட்டர். அதைப் போல் 5 மடங்கு, 40 மீட்டர் சங்கிலி விட வேண்டும் என்று இருவரும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்கிறார்கள். நங்கூரம் தரையைத் தொட்டதும் சுக்கானில் இருப்பவர் படகை மெல்லப் பின்னோக்கிச் செலுத்துகிறார். அணியத்தில் இருப்பவர் இறுகி நிற்கும் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். நங்கூரம் தரையில் இழுபட்டால் சங்கிலி கையில் அதிரும். பிடித்துக்கொண்டால் அதிர்வு அடங்கி விறைப்பாக நிற்கும். கையை உயர்த்திக் காட்டுகிறார், இயந்திரம் நிற்கிறது. அன்றிரவு இருவரும் உறங்கப் போவது அந்த ஒரு கையின் சொல்லை நம்பித்தான்.

பாய் சுருக்கும் வழக்கம், அதாவது காற்றுப் படும் பாயின் பரப்பைக் குறைத்துக் கட்டுவது, என் வாதத்தின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர், வேகம். 12 நாட் காற்றில் சுகமாக ஓடிய படகு 24 நாட் காற்றில் அதே பாயோடு சாய்ந்து கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கும். ஆகவே காற்று வலுக்கும் முன்பே பாயைச் சுருக்குவதுதான் எளிது. எப்போது சுருக்குவது என்பதில் துணிச்சல்காரருக்கும் எச்சரிக்கைக்காரருக்கும் கருத்து வேறுபடும். அனுபவமுள்ள தம்பதியர் பலர் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: இருவரில் யாருக்கு முதலில் பாயைச் சுருக்கலாம் என்று தோன்றுகிறதோ அவர் சொல்வதே முடிவு, மறுபேச்சு கிடையாது, பிறகு குத்திக்காட்டுவதும் கிடையாது. அச்சத்தைத் தெரிவித்தவரைக் கோழை என்று சொல்லாமல், அவர் சொல்லுக்கு உடனே கட்டுப்படும் பழக்கத்தை ஒரு தம்பதியர் நாள்தோறும் பயில்கிறார்கள் என்றால், அதைவிட உறவை உறுதிப்படுத்துவது வேறு எது என்று நான் கேட்கிறேன்.

அடுத்து ஆபத்து. 6 நாட் வேகத்தில் செல்லும் படகிலிருந்து ஒருவர் விழுந்தால், ஒரு நிமிடத்தில் படகு அவரை விட்டு ஏறத்தாழ 185 மீட்டர் விலகியிருக்கும். அலைகளுக்கு இடையே ஒரு தலை அந்தத் தொலைவில் எளிதில் மறைந்துவிடும். ஆட்கள் பலர் இருந்தால் ஒருவர் விழுந்தவரை நோக்கி விரல் நீட்டியபடி கண்ணை எடுக்காமல் நிற்பார், மற்றவர்கள் படகைத் திருப்புவார்கள். இருவர் மட்டும் வாழும் படகில் அந்த மூன்றாம் ஆள் இல்லை. மிதவையை எறிவதும், இடத்தைக் கருவியில் பதிவதும், படகைத் திருப்பிக் கொண்டுவருவதும், படகின் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் மும்முறை மேடே என்னும் அபாய அழைப்பைச் சொல்லி உதவி கோருவதும், நனைந்து கனத்த உடலைக் கையால் தூக்க முடியாது என்பதால் பாயேற்றும் கயிற்றையும் அதன் சுழல் உருளையையும் கொண்டு மேலே ஏற்றுவதும் எஞ்சியிருக்கும் ஒருவரின் பொறுப்பு. எனவே தமக்குத் தெரிந்த ஒவ்வொன்றையும் துணைக்குக் கற்றுக்கொடுக்காதவர் தம் உயிரையே பணயம் வைக்கிறார். நிலத்து வாழ்க்கையில் இது உனக்கு வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது அன்பாகத் தெரியலாம். படகில் அப்படிச் சொல்ல வழியே இல்லை.

எதிரணித் தலைவர் ஆங்கிலேயக் கடலோடி ஆன் டேவிசனைச் சான்று காட்டினார். 1949இல் கணவரோடு புறப்பட்ட அவருடைய கப்பல் இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லேண்ட் பில் பாறைகளில் மோதி உடைந்தது. கணவர் பிராங்க் இறந்தார். இது மறுக்க முடியாத துயரம். ஆனால் அவர்கள் கடன்காரர்களிடமிருந்து தப்ப, ஆயத்தம் முடியாத பழைய கப்பலில் அவசரமாகப் புறப்பட்டவர்கள் என்பதைத் தலைவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அதே ஆன் 1952-53இல் 23 அடிப் படகில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதல் பெண் ஆனார் என்பதையும் அவர் சொல்லவில்லை. கடல் வாழ்க்கை அவர்கள் இல்லறத்தைக் கெடுத்தது என்று ஆன் கருதியிருந்தால், மீண்டும் பாய் விரித்திருப்பாரா?

இடப் பற்றாக்குறைக்கும் ஒரு சான்று தருகிறேன். லின், லாரி பார்டி தம்பதியர் தாங்களே கட்டி 1968இல் கடலில் இறக்கிய செராபின் என்னும் படகு 24 அடியைச் சற்றே தாண்டியது; அதில் இயந்திரமும் கிடையாது. அதில் பத்தாண்டுக்கும் மேல் வாழ்ந்து உலகைச் சுற்றிய பிறகு, அவர்கள் பிரிந்து போகவில்லை. இருவருமாகச் சேர்ந்து, சற்றே பெரிய இன்னொரு படகைக் கட்டினார்கள். மேலும், நாம் பேசுவது கரையோர வாழ்க்கை. 5 நாட் வேகத்தில் 8 மணி நேரம் ஓடினால் 40 கடல்மைல். பல கரைகளில் அதற்குள் ஒரு துறை வந்துவிடும். தனிமை வேண்டுமென்றால் சிறு படகில் இறங்கிக் கரையில் நடந்துவிட்டு வரலாம்.

துறை தொலைவில் இருந்து இரவிலும் ஓட வேண்டியிருந்தால், இருவரும் மூன்று மூன்று மணி நேரம் முறை வைத்துக் காவல் இருப்பது வழக்கம். கண்ணாலும் காதாலும் இடைவிடாது கவனித்திருக்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது. மேலே ஒருவர் கப்பல் விளக்குகளை எண்ணிக்கொண்டிருக்க, கீழே மற்றவர் ஓடும் படகில் உறங்குகிறார். உறவை உலுக்குகிற வாழ்க்கை இது என்றால் அந்த உறக்கம் எப்படி வருகிறது? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதற்கு விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.