மொய் மேசை எங்கே, நடுவரே?

நடுவர் அவர்களுக்கும், மார்கழிப் பனியில் மஃப்ளரோடு உட்கார்ந்திருக்கும் வேலூர் மக்களுக்கும் வணக்கம். பழைய வீடியோ கேமைக் காப்பி எடுத்து விளையாடுவது திருட்டா, பாசமா? பாசமே. முன்னுரை முடிந்தது.

எனக்கு முன்னால் பேசிய குடியாத்தம் தம்பி யார் தெரியுமா? இரண்டு வருஷமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆன்லைனில் என் கூட்டாளி. குரல் மட்டும்தான் பழக்கம், முகம் இன்றுதான் பார்க்கிறேன். அந்தக் குரலுக்கு ஆறடி ஆளை எதிர்பார்த்து வந்தேன். தம்பி, முறைக்காதே. மைக் ஸ்டாண்டை உனக்காக இறக்கியதை நான் சொல்லவே இல்லை.

தம்பி என்ன சொன்னான்? "எதிரணி, மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்து, போகும்போது பிரியாணிப் பார்சலும் கட்டுகிற கூட்டம்" என்றான். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் பையில் இப்போதும் பிளாஸ்டிக் கவர் இருக்கும், அது வேறு விஷயம்.

ஐயா, ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தெருமுனையிலேயே சீரக சம்பா வாசம். பண்டாரி தேக்சா மூடி மேலிருந்த தணலைத் தள்ளிவிட்டுத் திறக்கிறார். நான் யோக்கியன், முதலில் மொய் எழுதலாம் என்று 500 ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு மேசையைத் தேடுகிறேன். மேசை இல்லை. பெண்ணின் தாய்மாமனைக் கேட்டேன். "எழுதறவரு சாப்பிடப் போயிட்டாரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பந்தியில் போய்த் தேடினேன். அந்த ஆள் கை கழுவப் போயிருக்கிறார். கை கழுவும் இடத்தில் தேடினால், "இப்பதான் பஸ் ஏறினாரு" என்கிறார்கள்! கவனியுங்கள் நடுவரே. நோட்டு என் கையில் இருக்கிறது. நீட்டிக்கொண்டே மண்டபத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டேன். கோயிலைக்கூட நான் அப்படிச் சுற்றியதில்லை. வாங்க ஆள் இல்லை. அதற்காகப் பிரியாணி சாப்பிடாமல் வந்துவிட முடியுமா? கத்திரிக்காய் பச்சடி வேறு வைத்துவிட்டார்கள்!

தம்பி, நம் கதையும் அதுதானே? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் வரலாற்றுக்காகவே அங்கே இருக்கும் ஓர் அறக்கட்டளை 2023ல் கணக்கெடுத்துச் சொன்னது. மொய் மேசையை எடுத்துவிட்டார்கள். மண்டபத்தையும் பூட்டிவிட்டார்கள். 500 ரூபாயோடு நான் வாசலில் நிற்கிறேன். என்னைப் பார்த்துத் திருடன் என்றால் எப்படி? நேற்று வெளியான கேமை இன்றே காப்பி எடுக்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் பந்தி போடுமுன்பே தேக்சாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தம்பி மிரட்டினான். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம்தானே? நானும் படித்தேன். கம்ப்யூட்டர் புரோகிராம் அதில் இலக்கியப் படைப்பு! நடுவரே, நீங்கள் தமிழாசிரியர். கான்ட்ரா என்கிற துப்பாக்கிச் சண்டை கேம் இலக்கியமாம். திருக்குறளுக்குப் பக்கத்தில் அடுக்கிவையுங்கள். எழுதியவர் காலமாகி 60 வருஷம் போனால்தான் அந்த இலக்கியம் பொதுச்சொத்தாகும். அதற்குள் என் போட்டோவுக்கு மாலை போட்டு, அந்த மாலையும் காய்ந்திருக்கும். பாரதியார் பாட்டையே 1949ல் நாட்டுடைமையாக்கிய ஊர் நம்முடையது. கடையில் கிடைக்காத ஒரு கேமுக்கு மனசு வரக்கூடாதா?

இலக்கியம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டு டிவி கேமில் மஞ்சள் கேசட் ஒன்று உண்டு. 9999 கேம் என்று போட்டிருக்கும். எண்ணினால் ஆறுதான், மீதி பெயர் மட்டும் வேறு. ஊதி ஊதிச் சொருகுவோம். கான்ட்ராவில் மூன்று லைஃப்தான் தருவான். முப்பது வேண்டுமென்றால் பட்டன்களை வரிசையாக அமுக்குகிற ஒரு மந்திரம் உண்டு. மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது... பார்த்தீர்களா, கடைசி வரிசையில் நாலு பேர் "பி, ஏ" என்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் மஞ்சள் கேசட்தான்.

என் அண்ணன் முரடன். கண்மண் தெரியாமல் பாய்ந்து தன் லைஃபெல்லாம் தீர்த்துவிடுவான். தீர்ந்ததும் என் கணக்கில் கை வைப்பான். அந்தக் கேமில் அதற்கு வழி இருந்தது. "அம்மா, அண்ணன் என் லைஃபத் திருடுறான்" என்று நான் அழ, அடுப்படியிலிருந்து அம்மா, "குடுடா, அண்ணன்தானே" என்பாள்.

அப்பா போன பிறகு அணைக்கட்டுப் பக்கம் இருந்த முக்கால் ஏக்கருக்காக நானும் அண்ணனும் பேச்சை நிறுத்தினோம். ஆறு வருஷம். அவன் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். அம்மா காரியத்துக்கு வந்தபோதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு ராத்திரி விளையாட்டுக்கு நடுவே இதைக் கூட்டாளியிடம் சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஒரு ஃபைல் வந்தது. கான்ட்ரா. "அண்ணனுக்கும் அனுப்புண்ணா, ரெண்டு பேரும் நெட்லயே சேர்ந்து ஆடலாம்" என்று ஒரு வரி. அனுப்பியது யார்? அதோ, திருட்டு திருட்டு என்று கால் மணி நேரம் முழங்கிவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அந்தக் குடியாத்தம் தம்பிதான்!

மணி அடிக்காதீர்கள் நடுவரே, முடித்துவிடுகிறேன். அண்ணனுக்கு ஃபைலை அனுப்பினேன். நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வந்தான். ஹலோ இல்லை, எப்படி இருக்கே இல்லை. நெட் இழுத்து இழுத்து வந்தது. மந்திரம் போடக்கூட மறந்துவிட்டோம், ஆளுக்கு மூன்று லைஃப்தான். பழையபடியே பாய்ந்தான், பழையபடியே எல்லாம் தீர்ந்தது. என்னிடம் இரண்டு இருந்தது. மைக்கில் ஒரு செருமல். அப்புறம் ஆறு வருஷம் கழித்து அவன் குரல்.

"இன்னாடா, ஒண்ணு எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கோண்ணா" என்றேன்.