பாலைப் பாறைகளும் ஒற்றை லென்ஸும்

[காட்சி: ஒரே மணற்பாறையின் இரண்டு படங்கள், நண்பகலிலும் மாலையிலும்]

வணக்கம். இவ்விரண்டு படங்களிலும் பாறை ஒன்றே, கேமராவும் ஒன்றே. நண்பகலில் வெளிறித் தட்டையாகக் கிடந்த பாறையில், சூரியன் சாயும் வேளையில் ஒவ்வோர் அடுக்கும் வெடிப்பும் எழுந்து நிற்கிறது. தாழ்ந்த சூரியனின் ஒளி வளிமண்டலத்தின் ஊடே நெடுந்தொலைவு கடந்து வருவதால், நீலம் வழியிலேயே சிதறிப்போக, செம்மை மிஞ்சுகிறது. அது இரும்பு ஆக்சைடால் சிவந்த மணற்பாறையின் மேல் பக்கவாட்டில் விழும்போது சிறு மேடும் நீண்ட நிழல் வீசுகிறது. அந்த நிழல்தான் பாறைக்கு உருவம் தருகிறது.

[காட்சி: டெலிகேட் ஆர்ச் நோக்கிய பாதை]

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் உள்ள டெலிகேட் ஆர்ச் என்னும் இயற்கைப் பாறை வளைவை அருகில் சென்று காண, நிழலே இல்லாத வழியில் ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நடந்து, 146 மீட்டர் ஏற வேண்டும். மாலை ஒளிக்காக வெயிலிலேயே கிளம்ப வேண்டியிருப்பதால், பையில் முதல் இடம் தண்ணீருக்கு. எஞ்சிய இடமே கேமராவுக்கு.

என் பரிந்துரை ஒரு கேமரா, 24 மில்லிமீட்டர் (அகன்ற காட்சி) முதல் 105 மில்லிமீட்டர் (தொலைவை நெருக்கிக் காட்டுவது) வரையிலான ஒரே ஜூம் லென்ஸ். எடை குறைவது ஒரு நன்மை. காற்றில் மணல் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்ற நேராதது அதைவிடப் பெரியது. படத்தைப் பதியும் சென்சாரில் ஒட்டும் தூசி, எஃப் 11 போன்ற சிறிய அப்பர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துளையில்) வானமெங்கும் கறைகளாகத் தெரியும். மிக அகன்ற லென்ஸை விட்டுச் செல்லத் தயங்க வேண்டாம். அது தொலைவிலுள்ள குன்றுகளைச் சிறுத்துக் காட்டும். வானத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டரை அதில் பொருத்தினால் வானத்தின் ஒரு பகுதியை மட்டும் கருக்கிவிடும். அகன்ற காட்சி தேவைப்பட்டால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதை மூன்றில் ஒரு பங்கு மூடும்படி வரிசையாக எடுத்துப் பின்னர் இணைத்துக்கொள்ளலாம்.

[காட்சி: மானுமென்ட் வேலி, அடிவாரத்தில் ஒரு சிறு மனித உருவம்]

அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலமான மானுமென்ட் வேலியில் சில குன்றுகள் தரையிலிருந்து 300 மீட்டர் வரை உயர்ந்துள்ளன. ஆயினும் அளவு காட்ட ஒரு மரமோ மனிதரோ இல்லாத படத்தில் அவை கூழாங்கற்களாகத் தோன்றலாம். நெருங்கிச் செல்வதை விட, பின்வாங்கி நின்று 105 மில்லிமீட்டரில் மனித உருவத்தையும் குன்றையும் சேர்த்து எடுப்பதே அந்தப் பேருருவைக் காட்டும்.

சிவந்த பாறையில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான பொதுவான ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு நிறத்தின் பதிவு மட்டும் நிரம்பி வழிந்து, பாறையின் நுண்ணிய இழைகள் அழிந்துபோகும். ஆகவே மூன்று நிறங்களின் ஹிஸ்டோகிராமையும் தனித்தனியே பார்த்து, எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியை, சற்றுக் குறைத்து, சென்சாரின் பதிவைச் சுருக்காமல் வைக்கும் ரா கோப்பாகப் பதிவுசெய்யுங்கள். ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கி நிலையில் விட்டால் அது மாலையின் செம்மையைக் குறையாகக் கருதித் திருத்திவிடும். பகலொளி நிலையில் வையுங்கள்.

நல்ல கோணத்துக்காக வழியை விட்டு விலகும்போது கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். மணலின் மேல் கருமையாகப் புடைத்திருப்பது நுண்ணுயிர்கள் கட்டிய உயிருள்ள மேலோடு. ஒரு மிதியில் நொறுங்கும் அது மீள பல பத்தாண்டுகள் ஆகலாம். வெறும் பாறையிலோ வறண்ட ஓடைப் படுகையிலோ நடப்பதே முறை.

[காட்சி: சூரியன் மறைந்த பின் ஒளிரும் பாறை]

சூரியன் மறைந்ததும் பையைக் கட்டிவிடாதீர்கள். மேற்கு வானம் ஒரு பெரிய விளக்காகி, மேற்கு நோக்கிய பாறைகளின் மேல் நிழலற்ற மென்மையான ஒளியைப் படரவிடும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே சிறிய முக்காலியைச் சுமந்து வந்தோம். திரும்பும் வழியில் பாறைத்தரையில் காலடித் தடம் இராது. அடுக்கிவைத்த கற்குவியல்களே வழிகாட்டும். வரும்போதே அவ்வப்போது திரும்பிப் பார்த்து அவற்றை மனத்தில் பதித்துக்கொண்டு, தலைவிளக்கை எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.