ரப்பர் கொட்டையும் ஆனந்தின் கறுப்புக் காய்களும்

வணக்கம் மக்களே. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் சரியான மழை. தகரக் கூரைச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அக்கா மகள் செஸ் போட்டியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஐந்து ஆட்டத்தில் மூன்று கறுப்பாம். வெள்ளைதானே முதலில் நகர்த்தும். "கறுப்பு கிடைச்சா எப்படி மாமா ஜெயிக்கிறது?"

சரி, உட்கார் என்று பலகையை விரித்தேன். இந்தச் செட்டில் ஒரு கறுப்பு யானை தொலைந்து பல வருடமாகிறது. அதற்குப் பதில் இந்த ரப்பர் கொட்டைதான். தாத்தா பால்மரம் சீவிய தோட்டத்தில் பொறுக்கியது. இப்போது அங்கே முழுக்கச் செம்பனை.

காட்டிய ஆட்டம் 2013 ஜனவரியில், நெதர்லாந்தின் விக் ஆன் சே ஊரில், டாட்டா ஸ்டீல் போட்டியில் நடந்தது. வெள்ளை லெவோன் ஆரோனியன். கறுப்பு நம்ம விஸ்வநாதன் ஆனந்த், அப்போது உலகச் சாம்பியன். மொத்தமே 23 நகர்த்தல்.

13ஆவதில் ஆரோனியனின் குதிரை, கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டிவிட்டு யானையை முறைக்கிறது. நானாக இருந்தால் பதறியிருப்பேன். ஆனந்த் கண்டுகொள்ளவே இல்லை. தன் குதிரையை வெள்ளை ராஜாவின் வாசலுக்கு அனுப்பினார். 15இல் ஒரு மந்திரியை (பிஷப்) வெள்ளைச் சிப்பாய் வாயில் வைத்தார். 16இல் இன்னொரு குதிரை, அதுவும் சிப்பாய் வாயில்தான்!

19இல் யானை போனது. கொட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன். வெட்டிய குதிரை ராஜாவின் பக்கத்திலேயே நிற்கிறது, அதைத் தொடாமல் ஆனந்த் ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். வெள்ளை ராணி பார்த்துக்கொண்டிருந்த மூலைவழி அடைபட்டது. எல்லாரும் 16ஆவது நகர்த்தலின் குதிரைத் தியாகத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு இந்தச் சிப்பாய்தான்.

கடைசியில் ஒரு கறுப்பு மந்திரி 'இ3' (e3) கட்டத்துக்கு வந்து, வெள்ளை ராணிக்கும் ராஜா ஓரத்துச் சிப்பாய்க்கும் நடுவே உட்கார்ந்தது. அடுத்து கறுப்பு ராணி அந்தச் சிப்பாயை வெட்டும். பக்கத்துச் சிப்பாயால் திருப்பி வெட்ட முடியாது, ஏனென்றால் தூரத்திலிருந்து இன்னொரு கறுப்பு மந்திரி அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது; அது நகர்ந்தால் ராஜா மாட்டும். ஆரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

1907இல் அகிபா ரூபின்ஸ்டைன் என்ற பழைய செஸ் மேதையும் இதே மாதிரி இரண்டு மந்திரிகளையும் ராஜா பக்கம் திருப்பி, கறுப்பில்தான் ஜெயித்தார். அது இன்னொரு வீடியோவில்.

அப்புறம், யானை போனதே, பரவாயில்லையா என்று பிள்ளையிடம் கேட்டேன்.

"போனது கொட்டைதானே மாமா," என்றாள்.